மழைமானி கந்தோரில், நாம் லயத்தில்

எங்கள் தோட்டக் கந்தோருக்கு முன்னால், புல் வெட்டிய ஒரு சிறு துண்டு நிலத்தில், மழைமானி ஒன்று நட்டிருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கேதான் இருக்கிறதாம். ஒவ்வொரு நாள் காலையிலும் கந்தோர் ஊழியர் ஒருவர் அதைத் திறந்து, தண்ணீரை அளந்து, கொப்பியில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவார். இந்த மாதம் எவ்வளவு கொழுந்து வரும், எப்போது உரம் போடலாம், எப்போது மருந்தடிக்கலாம் என்று துரைமார் கணக்குப் பார்க்க அந்த எண் வேண்டும். ஹல்துமுல்லைப் பக்கம் மட்டுமல்ல, தேயிலைத் தோட்டம் என்றாலே பெரும்பாலும் மழைக்கணக்கு இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை.

அந்த எண் ஒரு நாளாவது லயத்துக்கு வந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். நான் இருபது வருஷத்துக்கு மேல் கூடை சுமந்தவள். எனக்கு ஞாபகமே இல்லை. தேயிலைச் செடிக்காக மழையை அளக்கிறோம். அந்தச் செடிக்குக் கீழே, அதே மலையில், பிள்ளைகளோடு படுத்துத் தூங்குகிறவர்களுக்கு அந்த அளவைச் சொல்வதில்லை.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதும் பெரிய இரகசியமல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவு இதுதான்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தொட்டால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், ஆபத்தான இடத்தில் இருப்பவர்கள் வெளியேறிவிட வேண்டும். மூன்று எண்கள். நம்மில் பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் இவை விளங்கும். நாளுக்கு எத்தனை கிலோ, மேலதிகக் கிலோவுக்கு எத்தனை ரூபா, சம்பளத்தில் எத்தனை வெட்டு என்று இதைவிடப் பெரிய கணக்கெல்லாம் நாம் மனதிலேயே போடுகிறோம்.

இதை இவ்வளவு விபரமாக எழுதக் காரணம், நமது பிரதேசத்தில் எல்லாரும் அறிந்த காரணம்தான்.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில், ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தையில் மலை இறங்கியது. லயன்கள் வரிசையாக மண்ணுக்குள் போயின. அந்த நேரம் பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடுமில்லை, வீட்டில் இருந்தவர்களுமில்லை. எத்தனை பேர் போனார்கள் என்பதில் கூட முதலில் ஒரு தெளிவு இருக்கவில்லை. நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்றார்கள், பிறகு அந்தத் தொகை குறைந்துகொண்டே வந்தது. ஒரு லயத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சரியான ஒரு பட்டியல் கூட உடனே எடுக்க முடியாத இடத்தில் நாம் வாழ்ந்தோம் என்பது அன்றைக்குத்தான் நாட்டுக்குத் தெரிந்தது.

அதைவிடக் கசப்பான விஷயம் ஒன்று. அந்த மலை திடீரென்று வந்த ஆபத்தல்ல. 2005இலும், மறுபடி 2011இலும், அந்த இடம் மண்சரிவு அபாயமுள்ளது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருந்தது. அப்படியென்றால் ஒன்பது வருஷம் அந்தச் செய்தி எங்கே இருந்தது? கடிதமாக இருந்தது. கோப்பாக இருந்தது. ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போய், அங்கே இருந்தது. மண் இறங்கிய பிறகு, சொன்னோமே, ஏன் போகவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. எங்கே போகச் சொன்னீர்கள் என்று நமது மக்கள் திருப்பிக் கேட்டார்கள். லயக்காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அதைவிட்டு இறங்கினால் நிற்க நமக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. இருக்க வேறு இடம் காட்டாமல் வெளியேறு என்று மட்டும் சொல்வதை எச்சரிக்கைக் கணக்கில் சேர்ப்பதா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். உயிர் பிழைத்தவர்களுக்கு மகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். இரண்டு வருஷம்.

அத்தோடு முடிந்ததா? 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்கள் இடிந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டமே சரிந்தது போல் ஆயிற்று.

இதெல்லாம் அனர்த்தம், வேலைத்தளப் பாதுகாப்பில் இது எப்படிச் சேரும் என்று ஒரு தோட்டத் தலைவர் என்னிடம் கேட்டார். நல்ல மனிதர், சண்டைக்குக் கேட்கவில்லை. வேலைத்தளப் பாதுகாப்பு என்றால் தலைக்கவசம், கையுறை, ஸ்டோரில் ஓடுகிற இயந்திரத்துக்கு மறைப்பு என்றுதான் நமக்கும் படிந்து போயிருக்கிறது. பட்டணத்துத் தொழிலாளி வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகிறான். நாம் வேலை முடிந்தும் அதே மலையில்தான் இருக்கிறோம். நமது கக்கூசு, பீலிக்கரை, பிள்ளைக்காம்பரா, பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து போகும் பாதை எல்லாம் தோட்டத்துக்குள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 110ஆம் இலக்க சமவாயம் என்று ஒன்று இருக்கிறது. 1958இல் பெருந்தோட்டங்களுக்கென்றே எழுதப்பட்டது. இலங்கை 1995இல் அதை ஏற்றுக் கைச்சாத்திட்டது. அதில் சம்பளம், சங்கம் சேரும் உரிமை என்பவற்றோடு வீடும் மருத்துவமும் தனித்தனிப் பகுதியாக இருக்கின்றன. ஏனென்றால் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது, தோட்டத்தில் வீட்டையும் வேலையையும் பிரிக்க முடியாது என்று. ஆகவே லயத்துக்கு மேலே உள்ள வெடிப்பும் நமக்கு வேலைத்தளப் பிரச்சினைதான். இதைத் தலைவர்மார் தயங்காமல் பேச வேண்டும்.

இனி மலைக்கு வருகிறேன். அதாவது, கொழுந்து மலைக்கு.

சில வருஷங்களுக்கு முன் நடந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம், இப்படி நடக்காத தோட்டம் எது? ஒரு நம்பர் மலையில் கவனிப்பில்லாமல் புல்லும் கொடியும் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. எங்கள் நிரையில் இருந்த ஒரு பிள்ளை, கலியாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, செடிக்குள் குளவிக்கூடு இருப்பதைப் பார்த்துவிட்டாள். கங்காணியிடம் சொன்னாள். "அந்த நாலு செடியை விட்டுட்டு அங்கிட்டு எடு புள்ள" என்றார். அடுத்த நாளும் சொன்னாள். "நேத்துத்தானே சொன்ன" என்றார். மூன்றாம் நாள் வேறு ஒரு நிரை அந்தப் பக்கம் வந்தது. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்து பேருக்குக் கொட்டியது. வயதான ஓர் அக்கா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஓடி வந்த மற்றவர்கள் மறுபடி மலைக்குள் போகப் பயந்து நின்றார்கள். கிலோ குறைந்தது. அன்றைக்கு எங்களுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள்.

கங்காணிக்கும் கொட்டியது. அவரைத் திட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. மாலையில் கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளை அவரைக் கேட்பார், கணக்கப்பிள்ளையைச் சின்னத்துரை கேட்பார், அப்படியே மேலே போகும். ஒருவராவது கூடு எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை சொன்னது மேலே போயிருக்கும். மேலே போவதற்குக் கிலோவுக்கு மட்டும்தான் வழி இருந்தது.

அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறீர்கள்? சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று. அடுத்த தடவை கூட்டைப் பார்த்தால் தன் பக்கத்தில் நிற்பவளை மட்டும் இழுத்துக்கொண்டு நழுவுவாள். நமது தோட்டங்களில் உள்ள பாதுகாப்பு இப்படித்தான் இருக்கிறது: அவரவர் நழுவிக்கொள்வது. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 28 உலகத் தொழில் பாதுகாப்பு, சுகாதார தினம். அன்றைக்குப் பாதுகாப்புக் கலாசாரம் என்று பெரிய சொல்லாகப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஆபத்தைப் பார்த்தவள் சொன்னால் வேலை நிற்கும், பேர் குறையாது. இது இல்லாத தோட்டத்தில் சுவர் முழுக்க போஸ்டர் ஒட்டினாலும் கொழுந்து எடுப்பவளுக்கு ஒன்றும் மாறாது.

குளவியைப் பற்றி இரண்டு வார்த்தை, வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நாம் எல்லாவற்றையும் குளவி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உயரமான மரத்திலும் பாறையிலும் அடை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. செடிக்குள்ளும் மரக்கிளையிலும் உருண்டையாகக் கூடு கட்டுவது உண்மையான குளவி. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், அதை உடனே சுரண்டி எடுக்க வேண்டும். அதோடு ஒரு வாடையையும் விட்டுவிட்டுப் போகும், அந்த வாடைக்கு மற்றவை கூட்டமாக வரும். அதனால்தான் ஒருவரை மட்டும் மொய்க்கிறது. கையை வீசி அடிக்கக் கூடாது, நசுக்கக் கூடாது. படங்கையோ துணியையோ எடுத்து முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு தூரமாக ஓட வேண்டும். குளவி கொடுக்கை விடாது, ஒன்றே பல தடவை கொட்டும். எதுவாக இருந்தாலும், தொண்டை அடைப்பது போலிருந்தால், மூச்சிரைத்தால், உடம்பெல்லாம் தடித்தால், கண் இருட்டினால், சுண்ணாம்பு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. கொழுந்து லொறிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. இப்படியான நிலைமைக்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து. உங்கள் தோட்ட டிஸ்பென்சரியில் அந்த ஊசி இருக்கிறதா, போடத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கமிட்டி போய்க் கேட்டு எழுதி வைக்கட்டும்.

மருந்தடிப்பவர்கள் கதை இன்னொன்று. அதை ஆண்கள்தான் எழுத வேண்டும், ஆனால் உடுப்புத் துவைப்பது நாம் என்பதால் நானும் சொல்கிறேன். டப்பாவில் லேபல் இருக்கிறது, அதில் என்ன உடுத்த வேண்டும், எத்தனை நாளைக்கு அந்த மலைக்குள் போகக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் அடிக்கிறவன் கைக்கு வருவது பரலில் கலக்கி வைத்த தண்ணீர். டப்பா ஸ்டோர் அறைக்குள்ளேயே நின்றுவிடும். வெயிலில் முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது என்று கழற்றிவிடுகிறார்கள். போட்டவனைப் பார்த்து, "டொக்டர் ஐயா வாராரு" என்று சிரிப்பவர்கள் யார்? துரைமார் அல்ல, நாம்தான். சாயந்தரம் அதே உடுப்பு பிள்ளையின் யூனிபோமோடு ஒரே வாளியில் ஊறுகிறது. டாங்கியைப் பீலிக்கரையில் கழுவுகிறார்கள். இதற்குச் சட்டம் வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தனி வாளி, தனிக் கொடி. இன்றைக்கே செய்யலாம்.

சட்டம் என்றதும் ஒன்று. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலேயே வந்தது. ஸ்டோருக்குள் சுழலுகிற சக்கரத்துக்கு மறைப்பு இல்லாவிட்டால் அதைக் காட்டித் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். ஆனால் அந்தச் சட்டம் ஸ்டோர் வாசலோடு நின்றுவிடுகிறது. தோட்டத்தில் ஆகக் கூடுதலான ஆட்கள் வேலை செய்வது மலையில். மலைக்குச் சுவர் இல்லை, அதனால் அது தொழிற்சாலையும் இல்லை. இதை மாற்ற வேண்டும் என்று பேசுவது நமது சங்கங்களின் வேலை. சம்பளப் பேச்சு வந்தால் நாம் கொழும்பையே குலுக்குகிறோம், நல்லதுதான். அதே மூச்சில் இதையும் கேட்டோமா என்று கேட்டால், எனக்குத் தெரிய, அது கோரிக்கைப் பட்டியலின் கடைசியில்தான் கிடந்திருக்கிறது. பேசி முடிகிற நேரத்தில் கடைசிக் கோரிக்கைகளுக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இது நமக்கு மட்டும் உள்ள துன்பமல்ல. கேரளத்தில் மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடி, நம்மைப் போலவே தமிழ்த் தொழிலாளர்கள், நம்மைப் போலவே லயம். 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு மலை இறங்கி 70 உயிர் போனது. நாட்கணக்கில் மழை, மின்சாரம் இல்லை, அதனால் போன் கோபுரமும் வேலை செய்யவில்லை. நடந்தது வெளியே தெரிய விடிந்துவிட்டது. அந்த ஒரு இரவில் எச்சரிக்கை எந்தப் பக்கமும் போக வழியில்லை, மேலிருந்து கீழேயும் இல்லை, கீழிருந்து மேலேயும் இல்லை.

இன்னும் தூரத்தில், பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் அபர்வான் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஊர். சுரங்கத்திலிருந்து எடுத்த கழிவை ஊருக்கு மேலே மலையில் கொட்டிக் கொட்டி இன்னொரு மலையே ஆக்கியிருந்தார்கள். கீழே நீரூற்று. பாடசாலைப் பக்கம் தண்ணீர் வருகிறது என்று தாய்மார் மனுக் கொடுத்தார்கள். பாடசாலைக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கழிவு ஆபத்து என்று உள்ளூராட்சிப் பொறியியலாளர் 1963இலேயே கடிதம் எழுதினார். 1966 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த நேரம், அந்தக் குவியல் இறங்கியது. 144 பேர். அவர்களில் 116 பேர் பிள்ளைகள். தகப்பன்மார் சுரங்கத்திலிருந்து ஓடி வந்து தோண்டினார்கள். மீரியபெத்தையில் பாடசாலை பிள்ளைகளைக் காப்பாற்றியது, அங்கே பாடசாலையே போனது. விசாரணை மன்றம் நிலக்கரிச் சபைதான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, அறியாமையும் திறமையின்மையும், தகவல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராமையும்தான் காரணம் என்றும் சொன்னது. இதை வாசித்தபோது எனக்கு நமது 2005ஐயும் 2011ஐயும் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

அங்கே பிறகு என்ன நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. 1974இல் வேலைத்தளச் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் வந்தது. (அந்தச் சட்டத்துக்கு வழிகாட்டிய குழுவின் தலைவர் ரொபென்ஸ் பிரபு. அபர்வான் நடந்தபோது நிலக்கரிச் சபைத் தலைவரும் அவரேதான். உலகம் இப்படியும் இருக்கிறது.) அதன்பின் 1977இன் ஒழுங்குவிதிகள் ஒரு உரிமை கொடுத்தன: வேலைத்தளப் பாதுகாப்புப் பிரதிநிதியைத் தொழிற்சங்கமே நியமிக்கலாம். முதலாளி தேர்ந்தெடுக்கும் ஆளல்ல, தொழிலாளியின் ஆள். இடத்தைப் பார்வையிடவும், ஆபத்தை எழுதிக் கொடுக்கவும், விபத்தை விசாரிக்கவும் அவருக்கு அதிகாரம்.

நமக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருக்கிறது. உடனடியான, பாரதூரமான ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155ஆம் இலக்க சமவாயம் 1981இலேயே சொன்னது. 2022 ஜூனில் அந்த அமைப்பின் மாநாடு இன்னும் ஒருபடி மேலே போனது. பாதுகாப்பான, சுகாதாரமான வேலைச்சூழல் அடிப்படை உரிமைகளில் ஒன்று, கைச்சாத்திட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் உறுப்பு நாடுகள் அதை மதிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. சங்கம் சேரும் உரிமை, பிள்ளைகளை வேலைக்கு வைக்காமை என்பவற்றோடு அதே வரிசையில் வைத்தது. குளவிக்கூட்டுக்குப் பயந்து மலைக்குள் போகாமல் நின்றவளுக்கு அரைப்பேர் போட்டால், அது சின்ன விஷயமல்ல என்று துரையிடம் பேச இது நமக்குப் போதும்.

என்ன கேட்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டேன். பெரட்டுக்களத்தில் ஐந்து நிமிஷம். நேற்று மலையில் என்ன பார்த்தீர்கள் என்று கங்காணி கேட்க வேண்டும், பார்த்தவர் சொல்ல வேண்டும், கூடோ, வெடிப்போ, உடைந்த பாலமோ, அது ஒரு கொப்பியில் ஏற வேண்டும். எந்த நம்பர் மலை, யார் சொன்னது, என்ன செய்தார்கள், எந்தத் திகதி. கீழே துரையின் ஆளும் கையெழுத்து, சங்கத்தின் ஆளும் கையெழுத்து. வாய்ப்பேச்சு காற்றில் போகும். கொப்பியில் எழுதியதை, சொல்லவேயில்லை என்று பிறகு யாரும் மறுக்க முடியாது. கூடு அகற்றும்வரை அந்த மலை மூடியிருக்க வேண்டும், அங்கே போட்டிருந்தவர்களுக்கு வேறு மலை, முழுப்பேர். அதோடு, சங்கம் நியமிக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிகளில் பாதிப் பேராவது பெண்கள். கொழுந்து எடுப்பது நாம். கக்கூசு இல்லாமல் செடிமறைவுக்குப் போய் பாம்புக்கும் அட்டைக்கும் பயப்படுவது நாம். அதை ஆண் கமிட்டியில் எழுந்து சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

நிர்வாகம் இதற்கு ஒத்துக்கொள்ளாது என்று உடனே சொல்லிவிடாதீர்கள். ஆட்கள் வேலைக்கு வருவதில்லை, இளம் பிள்ளைகள் கொழும்புக்கும் கடைக்கும் போகிறார்கள் என்று கவலைப்படுவதும் அவர்கள்தான். பயமில்லாத மலைக்கு ஆள் வரும். இதைச் சண்டையாகவும் கேட்கலாம், கணக்காகவும் கேட்கலாம். நான் கணக்காகத்தான் கேட்பேன்.

நமது பக்கத்துக் குறையையும் எழுதாவிட்டால் இது நேர்மையான எழுத்தாக இருக்காது. விபத்து நடந்த பிறகுதான் சங்கம் வருகிறது. செத்த வீட்டுக்கு மாலையோடு வருகிறோம், அறிக்கை விடுகிறோம், போட்டோ எடுக்கிறோம். ஒரே விபத்துக்கு மூன்று சங்கம் மூன்று அறிக்கை. கூடு இருக்கிறது என்று அந்தப் பிள்ளை கங்காணியிடம் சொன்ன முதல் நாள், தோட்டத் தலைவரிடமும் சொன்னாள் என்பதை நான் மேலே எழுதவில்லை. எங்கள் தலைவர் தேர்தல் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் அலுவலில் இருந்தார். நானும் அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்குத்தான் லொறி பேசிக்கொண்டிருந்தேன்.

விபத்து நடந்துவிட்டால், நட்டஈட்டை விட்டுவிடாதீர்கள். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டுச் சட்டம், பழசு. ஆனால் 2022இல் அதைத் திருத்தினார்கள். ஆகக் கூடிய தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் இப்போது அதற்குள் வருகிறது. இது பலருக்குத் தெரியாது. அன்றைக்கே தோட்டக் கந்தோரில் எழுத்தில் அறிவியுங்கள், ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள், டிஸ்பென்சரித் துண்டையும் ஆஸ்பத்திரிக் காட்டையும் பத்திரமாக வையுங்கள். "சின்னக் காயம், எழுதத் தேவையில்லை, நாம பார்த்துக்கொள்ளுறோம்" என்று யார் சொன்னாலும், எழுதிவிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மழைக்கு மறுபடி வருகிறேன். கந்தோர் எண் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமான நேரான ஒரு டின்னை எடுத்து, மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில், சாயாதபடி வையுங்கள். காலையில் பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே நேராக விட்டுப் பாருங்கள். தண்ணீர் எத்தனை மில்லிமீற்றர் ஆழமோ, அத்தனை மில்லிமீற்றர் மழை. அளந்ததும் ஊற்றிவிடுங்கள். இரவு பெரிய மழை என்றால் இடையில் ஒரு தரம் பாருங்கள். எண்ணோடு கண்ணும் வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சுவரிலும் தரையிலும் பிளவு, நேராக நின்ற மரமோ லைட் கம்பமோ சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, இருந்த ஊற்று திடீரென்று வற்றுவது அல்லது கலங்கி வருவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். பிறகு கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் சொல்லுங்கள். எங்கே போய் ஒதுங்குவது என்பதை இப்போதே, வெயில் அடிக்கும்போதே, தோட்டமும் பிரதேச செயலகமும் எழுத்தில் சொல்ல வேண்டும். கோயிலா, பாடசாலையா, பழைய ஸ்டோரா? அதன் சாவி யாரிடம்? நடுராத்திரியில் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் தோட்டத்தில் இந்தச் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு கமிட்டி கூடுகிறது. முதல் விஷயமாக மழை எண்ணை வைக்கச் சொல்லியிருக்கிறேன். சின்னத்துரையிடம் பேசியாயிற்று. காலையில் அளந்ததும் ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பதில் தனக்கு ஆட்சேபமில்லை, ஆனால் பெரிய துரையிடம் கேட்க வேண்டும் என்றார். கேட்டுச் சொல்லட்டும். பிள்ளைக்காம்பரா வெளிச்சுவரில் ஆணி அடித்துவிட்டோம். மாட்டுவதற்குப் பழைய கரும்பலகை ஒன்று தருவதாக அதிபர் சொல்லியிருக்கிறார். எழுதும் வேலையை முதல் மாதம் அந்தக் குளவிக்கூட்டைப் பார்த்த பிள்ளை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.